ஏசி பூட்டினதும் காத்து சுத்தமாகிடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

காலையில தேத்தண்ணியோட உங்கட பேப்பரை வாசிக்கிற பழக்கம் எங்கட வீட்டில என்ட அவர் இருந்த காலத்திலயிருந்தே இருக்கு, ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம். எழுத வச்சது என்ட பேரன்ட முட்டு வருத்தம். திருகோணமலையில இப்ப வீட்டுக்கு வீடு ஏசி பூட்டுறாங்க, அதோட சேத்து விக்கிற சாமானுகளையும் கேக்காம வாங்குறாங்க, நாங்க பட்டது மத்தவங்க படக்கூடாது என்டுதான் இதை எழுதுறன்.

நாங்க உப்புவெளியில இருக்கிறம். போன வருசம் கச்சான் காத்து தொடங்கி வெக்கை தாங்க முடியாமப் போன நேரம் மகள் லோன் எடுத்து சின்ன அறைக்கு ஒரு ஏசி போட்டவ. பூட்ட வந்த பாஸ் யன்னலுக்கு மேல இருந்த காத்தோட்டக் கல்லைக் காட்டி, இதால குளிர் எல்லாம் வெளியில போகும் கரண்ட் பில் ஏறும், அடைச்சு விடுங்க என்டு சொன்னவர். 2022லயும் 2023லயும் கரண்ட் கட்டணம் ஏறின ஏத்தத்தில பில் என்ட சொல்லைக் கேட்டாலே பயம்தானே, அடுத்த நாளே மேசனைக் கூப்பிட்டு ரெண்டு வரிசைக் கல்லையும் சீமெந்தால பூசி அடைச்சிட்டம். எங்கட அப்பா அந்த வீட்டைக் கட்டேக்க ஒவ்வொரு அறைக்கும் அந்தக் கல்லு வேணும் என்டு நின்டு வைப்பிச்சவர், அதை நாங்க ஒரு பின்னேரத்தில மூடிப்போட்டம்.

வாடை தொடங்கி மழை வர, பேரனுக்கு இரவில இழுப்பும் தொடங்கிச்சு. ஒரே மாசத்துக்குள்ள 3 தரம் ஆஸ்பத்திரிக்கு கொண்டு ஓடி நெபுலைஸ் பண்ணினம். மூண்டாம் தரம் பாத்த டொக்டர் மருந்தை எழுத முதல், பிள்ளை எந்த அறையில படுக்கிறவர், அங்க நுளம்புத்திரி கொளுத்துறீங்களா, சுவர் ஈரமா இருக்கா என்டு கேட்டா. எங்களுக்கு அப்பதான் சுருக்கெண்டு பட்டது. நாங்க ஒவ்வொரு நாளும் 6 மணிக்கு அந்த அறைக்குள்ள திரி கொளுத்தி கதவைச் சாத்திப்போட்டு, 8 மணிக்கு ஏசியைப் போட்டு பிள்ளையைப் படுக்க வைக்கிறம், காத்துப் போற வழியையும் அடைச்சாச்சு, அப்ப அந்தப் புகை எங்க போகும்?

கன பேருக்குத் தெரியாத விசயம் இதுதான் ஐயா. நாங்க வீடுகளில பூட்டுற ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ளுக்கு எடுக்கிறதே இல்ல. வெளியில நிக்கிற பெட்டி சூட்டைத்தான் வெளியில கொட்டுது, அதுக்கும் உள்ளுக்க சுவரில இருக்கிற பெட்டிக்கும் நடுவில போற செப்புக் குழாயில ஓடுறது கேஸ், காத்து இல்ல. உள்ளுக்க இருக்கிற அதே காத்தைத்தான் இழுத்து குளிராக்கி திருப்பி விடுது. அந்த அறைக்குள்ள திரிப்புகை இருந்தா குளிர்ந்த திரிப்புகைதான் வரும். முன்மூடியைத் திறந்தா தெரியிற வலை பில்டர் முடி, பஞ்சு, பெரிய தூசைப் பிடிக்கும் அவ்வளவுதான், புகையில இருக்கிற பிஎம் 2.5 என்ட நுண்தூசு முடியின்ட தடிப்பில கிட்டத்தட்ட 30ல ஒரு பங்கு, அது அந்த வலைக்குள்ளால சும்மா போயிடும். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன அளவு, ஒரு நாளைக்கு சராசரியா ஒரு கனமீற்றர் காத்தில 15 மைக்ரோகிராமுக்கு மேல அந்தத் தூசு இருக்கப்படாது. நுளம்புத்திரியைப் பத்தி 2003ல ஒரு ஆய்வு வந்தது, சீனாவிலயும் மலேசியாவிலயும் விக்கிற திரிகளை எரிச்சுப் பாத்தது, ஒரு திரி முழுசா எரிஞ்சா வாற நுண்தூசு 75 தொடக்கம் 137 சிகரெட் எரிஞ்சதுக்குச் சமன் என்டு கண்டிருக்கிறாங்க. இதை மகள் வாசிச்சுக் காட்டின அன்டைக்கு நான் சாப்பிடேல்ல.

டெங்கு இருக்கிற ஊரில நுளம்பை விடவும் ஏலாது, அது எனக்கும் தெரியும். யன்னலுக்கு வலை அடிச்சு கட்டிலுக்கும் நுளம்பு வலை கட்டினம், டெங்கு நுளம்பு பகலிலதானே கடிக்கும், அதால பகல் நித்திரைக்கும் வலை. திரியை விட்டாச்சு. சாம்பிராணியும் இப்ப விறாந்தையில மட்டும்தான், வெள்ளிக்கிழமை கதவெல்லாம் திறந்து விட்டு.

இதுக்கு இடையில நாங்க ஏமாந்த கதையும் இருக்கு. பிள்ளைக்கு முட்டு என்டு தெரிஞ்சதும் ஒரு கடையில போய்க் கேட்டம், அவங்க ஏசி காத்து வாற வாயில ஒட்டுற ஒரு சின்னப் பெட்டியைத் தந்தாங்க, அயன் (மின்னேத்தம் உள்ள துணிக்கை) விடும் ஓசோன் விடும் கிருமி எல்லாம் செத்திடும் என்டு சொல்லி. போட்ட அன்டு இரவு அறைக்குள்ள மின்னல் அடிச்ச பிறகு வருமே ஒரு மணம் அப்பிடி வந்திச்சு, மகள் அதை சுத்தமான மணம் என்டு நினைச்சவ, பிள்ளை விடிய விடிய இருமினான். பிறகுதான் தெரிஞ்சது ஓசோன் நுரையீரலை அரிக்கிற வாயு, முட்டுக்காரருக்கு அது இன்னும் கூடாது. அமெரிக்காவின்ட சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே வீட்டுக்குள்ள ஓசோன் மெசின் பாவிக்க வேணாம் என்டுதான் சொல்லுது, கலிபோர்னியாவில காத்து சுத்தம் பண்ணுற மெசின் எதுவும் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காத்தில எத்தினை பங்கு என்ட கணக்கு) மேல ஓசோன் விடக்கூடாது என்டு சட்டமே இருக்கு. இங்க அப்பிடி ஒரு சாமானை வாங்கேக்க பெட்டியில ஓசோன் என்டு போட்டிருந்தா அதை நல்ல விசயம் என்டு காட்டித்தான் விக்கிறாங்க, எனக்கு இப்பவும் அந்தக் கோபம் ஆறேல்ல.

என்ட அக்கா ரொறன்ரோவில இருக்கிறா, அவட மகன் அங்க வீடுகளுக்கு ஹீட்டர் ஏசி பூட்டுற வேலைதான் செய்யிறார். அவரோட போனில ஒரு மணித்தியாலம் கதைச்ச பிறகுதான் எனக்கு இதெல்லாம் விளங்கிச்சு. அங்க நிலவறையில ஃபர்னஸ் என்டு காத்தைச் சூடாக்குற ஒரு பெரிய மெசின் இருக்கும், அதிலயிருந்து எல்லா அறைக்கும் தகரக் குழாய் போகும், குளிருக்கு சூடும் வெயிலுக்கு குளிரும் அதே குழாயாலதான். அதால அவங்க ஒரு இடத்தில நல்ல பில்டர் போட்டா முழு வீட்டுக் காத்தும் அதுக்குள்ளால போய் வரும். பில்டருக்கு மேர்வ் என்டு ஒரு நம்பர் இருக்காம், 8 சாதாரணம், 13 என்டா புகைத்தூசையும் ஓரளவு நல்லாப் பிடிக்கும். 2023 ஜூன்ல கனடாவில காடு எரிஞ்சு புகை ரொறன்ரோவுக்கு வந்த நேரம் அக்கா வீட்டு பில்டர் கரிச்சட்டி மாதிரி வந்திச்சாம். வெளிக்காத்தை உள்ளுக்கு எடுக்க வேற ஒரு பெட்டி பூட்டியிருக்கு, வெளியில போற பழைய காத்தின்ட சூட்டை உள்ளுக்கு வாற புதுக்காத்துக்கு மாத்திக் குடுக்கும், ரெண்டு காத்தும் கலக்காது. குளிர்காலத்தில காத்து வறண்டு தோல் வெடிக்கும் என்டு ஃபர்னஸோட காத்துக்கு ஈரம் சேக்கிற சாமானும் பூட்டுவாங்களாம்.

இதில எங்களுக்கு எது பொருந்தும் எது பொருந்தாது என்டு யோசிக்காம அங்கயிருந்து வாற ஆக்கள் சொல்லுறதை அப்பிடியே செய்யிறதுதான் பிழை. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டில லண்டனால வந்த சொந்தம் குடுத்தது என்டு ஈரம் விடுற ஹியூமிடிஃபையரை மார்கழி மழைக்குள்ள ஏசி அறையில ஓட விட்டிருந்தாங்க! கடலுக்குப் பக்கத்தில இருக்கிற எங்களுக்கு ஈரத்தை எடுக்கத்தான் வேணும், சேக்க இல்ல. ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல நிண்டா பூஞ்சணம் பிடிக்கும், மெத்தையில இருக்கிற தூசுப்பூச்சி பெருகும், ரெண்டும் முட்டுக்கு எதிரி. எங்கட அலுமாரியை நகத்திப் பாத்தா பின்சுவர் முழுக்க கறுப்பா பூஞ்சணம். நாங்க வாங்கினதில ஆக மலிவானதும் ஆக உதவினதும் ஈரப்பதன் காட்டுற சின்ன மீற்றர்தான், இப்ப அதைப் பாத்துத்தான் ஏசியை ஈரம் எடுக்கிற ட்ரை மோட்டில போடுறம்.

ஏசியின்ட அளவும் இதில இருக்கு. 10க்கு 12 அடி அறைக்கு 9000 பிடியூ (ஏசி குளிராக்குற வலுவின்ட அளவு) காணும், பெரிசு என்டா நல்லது என்டு நினைச்சு 18000 போட்டா ஐஞ்சு நிமிசத்தில குளிராகி மோட்டர் நிண்டிடும், ஈரம் எடுக்க நேரம் கிடைக்காது, அறை குளிரா இருக்கும் ஆனா பிசுபிசுப்பா இருக்கும். தண்ணி வடியிற தட்டையும் குழாயையும் பாக்க வேணும், பாசி பிடிச்சு அடைச்சா அந்த மணமும் பூஞ்சண விதையும் காத்தோடதான் வரும். வலை பில்டரை ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பைப் தண்ணியில கழுவி நிழலில காய விட்டுப் போடுங்க, இதுக்கு ஆள் கூப்பிடத் தேவையில்ல. சில பேர் அந்த வலைக்கு மேல தடிச்ச பில்டர் துணி வச்சு அடைக்கிறாங்க, அப்பிடிச் செய்தா காத்து ஓட்டம் குறைஞ்சு உள்ளுக்க ஐஸ் கட்டி தண்ணி சுவரால வடியும், ஸ்பிளிட் ஏசியின்ட பேனுக்கு அவ்வளவு இழுவை இல்ல.

அப்ப என்ன வாங்கலாம் என்டு கேட்டா, காசு இருந்தா ஹெப்பா என்ட நுண்தூசு பிடிக்கிற பில்டர் உள்ள தனி பியூரிஃபையர், அதாவது காத்து சுத்தம் பண்ணுற மெசின். உண்மையான ஹெப்பா 0.3 மைக்ரோன் தூசில 99.97 வீதம் பிடிக்கும், ஹெப்பா மாதிரி என்டு எழுதியிருந்தா வேணாம். அறைக்குப் பொருந்துமா என்டு பாக்க சிஏடிஆர் என்ட நம்பரைக் கேளுங்க, மணித்தியாலத்துக்கு எவ்வளவு சுத்தக்காத்து தரும் என்டு அது சொல்லும், நான் சொன்ன 10க்கு 12 அறை 9 அடி உயரம் என்டா மணித்தியாலத்துக்கு 5 தரம் காத்தைச் சுத்தமாக்க 150 கனமீற்றர் அளவு வேணும். ஏசிக்குள்ள பூட்டுற யூவி லைட்டை, அதாவது புற ஊதா வெளிச்சத்தைப் பத்தியும் கேட்டன், அது உள்ளுக்க ஈரமா இருக்கிற கொயிலுக்கு (காத்தைக் குளிராக்குற குழாய்ச் சுருளுக்கு) மேல மணிக்கணக்கா பட்டா பூஞ்சணம் வராமப் பாக்குமாம், ஆனா தூசையோ புகையையோ அது ஒண்டும் செய்யாது, நேரா பாத்தா கண்ணுக்கும் கூடாது.

எந்த பியூரிஃபையரும் புதுக்காத்துக்குப் பதில் இல்ல என்டதையும் சொல்ல வேணும். நாலு பேர் மூச்சு விட்டு விட்டு அறையில சேருற காபனீரொட்சைட்டை ஹெப்பா பிடிக்காது. வெளிக்காத்தில அது 420 பிபிஎம் அளவில இருக்கு, பூட்டின படுக்கையறையில விடியக்குள்ள ஆயிரத்தையும் தாண்டும், தலையிடியோட எழும்புறதுக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட ஊரில ரியூசன் வகுப்புகளை நினைச்சுப் பாருங்க, ஒரு ஏசி ஹோலுக்குள்ள அம்பது அறுபது பிள்ளைகள், கதவு யன்னல் எல்லாம் சாத்தி ரெண்டு மணித்தியாலம். ஒருத்தருக்கு தடிமன் என்டா அந்தக் கிழமையே எல்லாருக்கும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில பத்து நிமிசம் கதவு யன்னலைத் திறந்து ஒரு எக்ஸோஸ்ட் பேனை ஓட விட்டாலே போதும் என்டு நடத்துற ஆக்களை உங்கட பேப்பர் மூலமா கும்பிட்டுக் கேக்கிறன்.

குசினியை விட்டா நான் எழுதினதுக்கு அர்த்தம் இல்ல. 2022ல கேஸ் இல்லாம நாங்க எல்லாரும் விறகுக்குப் போனம், கன வீடுகள் இன்னும் விறகிலதான். வீட்டுக்குள்ள எரியிற புகையால 2020ல மட்டும் உலகத்தில 32 லட்சம் பேர் செத்தாங்க என்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அடுப்புக்கு மேல புகைபோக்கி, இல்லாட்டி சுவரில எக்ஸோஸ்ட் பேன், அது கட்டாயம் வெளியில தள்ளுற மாதிரி இருக்க வேணும், உள்ளுக்கயே சுத்தி விடுற ஹூட் எண்ணெய்ப் பசையைத்தான் பிடிக்கும். பேன் ஓடேக்க எதிர்ப்பக்கத்து யன்னல் ஒரு கை அளவாவது திறந்திருக்க வேணும், உள்ளுக்கு காத்து வந்தால்தானே வெளியில போகும்.

எந்த நாளும் யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லவும் இல்ல. 2022 டிசம்பர்ல மாண்டூஸ் புயல் வந்த கிழமை இந்தியப் பக்கத்து அழுக்குக்காத்து அடிச்சு, 9ம் திகதி பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாங்களே, அப்பிடி நாளில யன்னலைச் சாத்தி பியூரிஃபையரை ஓட விடுறதுதான் சரி. பக்கத்து வளவில குப்பை கொளுத்துற நேரமும் அப்பிடித்தான்.

ஐயா, உங்கட சுகாதாரப் பக்கத்தில ஒரு கிழமையாவது இதைப் பத்தி ஒரு டொக்டரையும் ஏசி வேலை தெரிஞ்ச ஒருத்தரையும் கேட்டுப் போடுங்க. வீடு கட்டுற மேசன்மாருக்கும் சொல்லுங்க, காத்தோட்டக் கல்லை அடைக்கச் சொல்லி ஆர் கேட்டாலும், அந்த அறையில படுக்கிறது ஆர் என்டு ஒரு தரம் கேளுங்க என்டு.

நாங்க அடைச்சதில ஒரு வரிசையை போன மாசம் உடைச்சுத் திறந்து, உள்பக்கமா நுளம்பு வலை அடிச்சு, தேவைக்கு மூடித் திறக்க ஒரு பலகையும் வச்சிருக்கு. கரண்ட் பில் கொஞ்சம் கூட வந்திச்சு. பேரன் இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போகேல்ல.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
உப்புவெளி, திருகோணமலை.