ஸ்வார்ட்ஸ் வினைப்பொருளைத் தயாரிக்கத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஸ்வார்ட்ஸ் வினைப்பொருள், அதாவது சிர்கோனோசீன் ஹைட்ரைடு குளோரைடு என்னும் சிர்கோனியம் உலோகச் சேர்மம், தூய நிலையில் கிடைத்துவிட்டது. ஈரம் பட்டால் கெட்டுப்போகும், வெளிச்சம் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் வெண்பொடி அது. இப்படிப்பட்ட சேர்மத்தைத் தனியொருவராகச் செய்துவிட முடியாது.

முதல் வணக்கம் கண்ணாடிப் பட்டறை ஐயாவுக்கு. காற்றுப் படாமல், எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுச் சூழலிலேயே வடிகட்டும் குழாயை ஊதித் தந்தவர் அவர். நான் எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் விடவில்லை. இணைப்பின் சொரசொரப்பு முகத்தை விளக்கொளியில் திருப்பிப் பார்த்து, "இன்னும் ஒரு தேய்ப்பு தேய்த்துத் தருகிறேன், தம்பி" என்று வாங்கிக்கொண்டார். துளிக் காற்றும் உள்ளே புகவில்லை.

அடுத்து, எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா. மூலப்பொருளான சிர்கோனோசீன் டைகுளோரைடின் கரைசலில் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது, ஒரு பகுதி எல்லை மீறி டைஹைட்ரைடாகிவிடும். டைகுளோரோமீத்தேனால் கழுவினால் அது நமக்கு வேண்டிய சேர்மமாகத் திரும்பும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. அக்கா கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். இந்தக் கழுவலை விரிவாக எழுதிவைத்த பக்வால்ட் குழுவினருக்கும், 1970-இல் இச்சேர்மத்தை அறிவித்த வெய்ல்ஸ், வைகோல்டு இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

பொடி எளிதில் கரையாது. அதனால் அசிட்டோனோடு வினைபுரியவைத்து, மூலக்கூறிலுள்ள கார்பன் வளையங்கள் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியில் தரும் குறிகைகளை ஒப்பிட்டே தூய்மையைக் கணக்கிட வேண்டும். இரவு வெகுநேரம் அந்தக் கருவியருகே காத்திருந்த அண்ணனுக்கு மிக்க நன்றி.

இச்சேர்மத்தின் மூலக்கூறு அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ் கதிர் ஆய்வுக்கு ஏற்ற படிகம் கிடைக்காமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போனது. 2019-இல்தான் நுண்படிகங்களில் எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி முதல் படிக அமைப்பைக் கண்டார்கள்: இரு சிர்கோனியம் அணுக்களுக்கு நடுவே ஹைட்ரைடுகள் பாலமாக நிற்கும் இரட்டை மூலக்கூறு. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த ஆய்வுக் குழுவினர் அனைவருக்கும் என் வணக்கம்.

ஆர்கான் உருளை தீருமுன்பே மாற்று உருளையைக் கொண்டுவந்து நிறுத்திய கிடங்கு ஊழியர்களுக்கும் நன்றி.

பொடியைக் கருப்புத் தாள் சுற்றிய குப்பிகளில் ஆர்கான் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அடுத்த ஆய்வுக்கூடத் தோழர்களுக்குத் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.