முடிவுக்கோட்டில் போய் நிற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பை மாரத்தானுக்குத் தயாராவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷூ, தண்ணீர், தூக்கம் என்று ஓடுகிறவருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஒருவர் ஓடினால் அவரைப் பார்க்க வீட்டிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறார்கள். அவர்கள் எங்கே போய் நிற்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

மும்பையில் ஓடுவதற்குத் திருநெல்வேலியில் என்ன பேச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள் என நினைக்கிறேன். தாராவியில் போய் நெல்லைத் தமிழிலேயே வழி கேட்டு வீடு கண்டுபிடிக்கலாம். அந்த அளவுக்கு நம் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். மாரத்தானும் ஜனவரி மாதம் மூன்றாம் ஞாயிறு, பொங்கல் முடிந்த கையோடு வருகிறது. பண்டிகைக்கு வந்த பிள்ளைகளோடு தாதர் வண்டியில் ஏறிப் போகும் அம்மா அப்பாக்கள் பலர். என் தங்கை மகனும் அங்கே ஓடுகிறவன்தான். அந்த வகையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலாவது, புறப்படும் இடத்துக்குப் போக வேண்டாம். முழு மாரத்தான் சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தின் முன்னால் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். இருட்டு, தடுப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான தலைகள். நம் பிள்ளை எது என்று தெரிவதற்குள் எல்லோரும் போய்விடுவார்கள். முடிவுக்கோடும் அப்படித்தான். பக்கத்தில் விட மாட்டார்கள், ஒலிபெருக்கிச் சத்தத்தில் நம் குரலும் எடுபடாது. அதைவிட, கோடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டவனுக்கு நம் கைதட்டல் எதற்கு? அவன் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவான்.

ஆள் தேவைப்படுவது 30 கிலோமீட்டர் தாண்டிய பிறகு. 42.195 கிலோமீட்டரில் அந்த இடத்தில்தான் பலருக்குக் கால் சொன்னபடி கேட்காமல் போகும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து அதற்குள் தீரத் தொடங்கிவிடும். உடம்பு கொழுப்பை எரித்து ஓட வேண்டிய நிலை வரும், அது மெதுவாகத்தான் நடக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று நடப்பான், முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிடும். நம் ஆனித் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நேர் வீதியில் தேர் தன்போக்கில் வரும். வாகையடி முக்கில் திரும்பும்போதுதான் அத்தனை பேர் குரலும் வேண்டியிருக்கும்.

மும்பையில் அந்த முக்கு பெடர் ரோடு. பல ஆண்டுகளாக ஓட்டக்காரர்கள் திரும்பி வரும்போது, சுமார் 35 கிலோமீட்டருக்கு மேல், இந்த ஏற்றத்தில் ஏற வேண்டியிருக்கிறது. ஊட்டி மலை மாதிரி ஒன்றும் இல்லை. சாதாரண நாளில் நடந்தால் ஏற்றம் என்றே தோன்றாது. ஆனால் அந்த நேரத்தில், வெயிலும் ஏறியபிறகு, அதுவே பெரிய மலை. அங்குள்ள குடியிருப்புக்காரர்கள் வாசலில் வந்து நின்று ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட் என்று நீட்டுவார்கள். முன்பின் தெரியாதவனுக்கு உரித்துக் கொடுக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே அந்தத் தெரு எனக்குப் பிடிக்கும்.

தாராவியில் தங்குகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ரயில் பாதையைத் தாண்டினால் மாஹிம். பாந்த்ரா–ஒர்லி கடல் பாலத்தில் வேடிக்கை பார்க்க இடமே கிடையாது. சத்தமில்லாத அந்தப் பாலத்தை ஓடிக் கடந்தவர்கள் பாந்த்ரா சுற்றி மாஹிம் வழியாக சிவாஜி பார்க் பக்கம் வருவார்கள். பாதித் தூரம் தாண்டியிருக்கும். அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு, மாஹிம் நிலையத்தில் ஸ்லோ லோக்கல் பிடித்து சர்னி ரோட்டில் இறங்கினால் மரைன் டிரைவில் இன்னொருமுறை பார்க்கலாம். ஐந்து மணி நேரத்தில் முடிக்கிறவர் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுப்பார். இடையில் உள்ள தூரத்தை அவர் ஓடி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் டீ குடித்துவிட்டே போகலாம். ஆனால் சாலை எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், குறுக்கே கடக்க விட மாட்டார்கள். வழியும் ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், அந்த ஆண்டு வரைபடத்தைப் பார்த்தே கிளம்ப வேண்டும். ஓடி முடித்ததும் சந்திக்கும் இடத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆசாத் மைதானத்துக்கு வெளியே அந்தக் கூட்டத்தில் போனை நம்ப முடியாது.

கத்துவதிலும் ஒரு முறை இருக்கிறது. "இன்னும் கொஞ்சம்தான்" என்று 30-வது கிலோமீட்டரில் சொல்லாதீர்கள், பன்னிரண்டு கிலோமீட்டர் கொஞ்சமா? எண் அட்டையில் பெரும்பாலும் பெயரும் இருக்கும். அதைப் படித்து, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நம் பிள்ளை போன பிறகும் நின்று மற்றவர்களையும் கூப்பிடுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குத்தான் ஆளே இருக்காது. கையில் கொண்டுபோன அல்வாவை மட்டும் நீட்டிவிடாதீர்கள். நெய்ப் பண்டம் அந்த நேரத்தில் தொண்டையில் இறங்காது. அது ஓடி முடித்த பிறகு.

சரி, மும்பைக்குப் போகாதவர்களுக்கு? நம் ஊரிலும் இப்போது ஓட்டங்கள் நடக்கின்றன. பாளையங்கோட்டையில் மைதானத்து வாசலில் கொடியசைக்கும்போது பிரமுகர்கள், புகைப்படக்காரர்கள் என்று ஒரே நெரிசல். வண்ணார்பேட்டை தாண்டிப் போனால் ஒரு ஈ காக்கா இருக்காது. ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்க வருகிறவனை, கறிக்கடை வரிசையில் நிற்கிறவர்கள் "எதுக்குல இப்படி ஓடுதானுவ?" என்கிற மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. இன்றைக்கு ஓட்டம் இருக்கிறது, இந்த நேரத்துக்கு இந்த வழியாக வருவார்கள் என்று அவர்களிடம் யார் சொன்னது?

பாஸ்டன் மாரத்தானில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் வெல்லெஸ்லி என்ற மகளிர் கல்லூரி வருகிறது. அந்த மாணவிகள் சாலையோரம் வரிசையாக நின்று போடும் சத்தம் வெகு தூரம் முன்பே கேட்குமாம். பாளையங்கோட்டையில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. பெருமாள்புரத்தில் 1895-லேயே தொடங்கிய சாரா தக்கர் கல்லூரி இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பிள்ளைகளைச் சாலையோரம் நிற்க வைத்தால் போதும். கத்துவதற்கு அவர்களுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை உள்ளூர் ஓட்டத்தின் செய்தி போடும்போது, யார் கொடியசைக்கிறார்கள் என்பதோடு வழி வரைபடத்தையும் போடுங்கள். அதில் ஈரடுக்கு மேம்பாலம், கொக்கிரகுளம், சுலோசன முதலியார் பாலம் என்று நிற்கத் தோதான இடங்களையும், முதல் ஆளும் கடைசி ஆளும் அங்கே வரும் உத்தேச நேரத்தையும் குறியுங்கள். சனிக்கிழமை இதழிலேயே வந்துவிட்டால் நல்லது, ஞாயிறு பேப்பர் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர்,
பாளையங்கோட்டை.