பெட்டி சி-யில் இருந்த பெயர்

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் டபிள்யூ-2 சம்பளப் படிவம் கிடைத்தது. வரிக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன், ரீஃபண்ட் உன் பேங்குக்கே வந்துவிடும். பிடிஎஃபை மட்டும் அனுப்பியிருந்தாய், கூட ஒரு வார்த்தை இல்லை. வேலை அதிகமாக இருக்கும். பொங்கலன்றும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பெட்டி சி-யில் சம்பளம் கொடுப்பவர் பெயர் இருக்குமே, அது நீ எங்களிடம் சொன்ன பெயர் இல்லை. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீ மறைத்தாய் என்றும் நினைக்கவில்லை. உன் ஊரில் இது சகஜம் என்று எனக்குத் தெரியும். வர்ஜீனியாவில் ஒரே நிறுவனம் எத்தனை மாற்றுப்பெயர் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம். வலதுசாரி நீதிபதிகளை மேலே கொண்டுவரும் வேலையைச் செய்யும் லெனார்ட் லியோவைச் சுற்றி இருக்கும் அமைப்புகளையே பார். 'ஆனஸ்ட் எலெக்‌ஷன்ஸ் ப்ராஜெக்ட்' என்பது 85 ஃபண்ட் என்ற அமைப்பு பதிந்துகொண்ட மாற்றுப்பெயர். நீதிபதி நியமனங்களுக்கு விளம்பரம் போட்ட 'ஜுடிஷியல் க்ரைசிஸ் நெட்வொர்க்' கான்கார்ட் ஃபண்ட் என்ற அமைப்பு பதிந்துகொண்டது. வாசல் பலகையில் ஒரு பெயர், செக்கில் இன்னொரு பெயர்.

பெயர் மாறலாம், பெட்டி பி-யில் இருக்கும் ஒன்பது இலக்க ஈஐஎன், அந்த நிறுவனத்தின் வரி நம்பர், மாறாது. அதை வைத்து ஃபார்ம் 990-ஐ, லாபநோக்கமற்ற அமைப்புகள் வருஷாவருஷம் கொடுக்கும் கணக்கை, எடு. வரித்துறையான ஐஆர்எஸ் தளத்திலேயே கிடைக்கும். முதல் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள், அதில் ஒன்றும் இருக்காது. நேராகப் பாகம் 7-க்குப் போ. ஏ பிரிவில் பதவியில் இருப்பவர்கள், பி பிரிவில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கிய முதல் ஐந்து வெளி ஒப்பந்தக்காரர்கள். 85 ஃபண்டும் கான்கார்டும் சிஆர்சி அட்வைசர்ஸுக்குப் பணம் கொடுத்தது அங்கேதான் தெரிந்தது. சிஆர்சி லாபத்துக்கு நடக்கும் கம்பெனி, அதன் தலைவர் லியோ. அடுத்தது ஷெட்யூல் ஐ, யாருக்கு மானியம் போனது என்று. பிறகு ஷெட்யூல் ஆர், உறவுள்ள அமைப்புகள். ஷெட்யூல் பி நன்கொடையாளர் பட்டியல். பொதுப் பிரதியில் பெயர்கள் இருக்காது, தொகைதான் இருக்கும். அரசியலிலும் இறங்கக்கூடிய லாபநோக்கமற்ற 501(சி)(4) அமைப்புகள், சுருக்கமாகச் சி4, 2020-லிருந்து ஐஆர்எஸுக்கும்கூடப் பெயரைத் தரவேண்டியதில்லை.

மார்பிள் ஃப்ரீடம் ட்ரஸ்ட் இப்படி ஒரு சி4தான். நம் டிவிக்குப் பின்னால் இருக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் டிரிப் லைட் செய்தது. சிகாகோ கம்பெனி, முதலாளி பேரி சைட். கம்பெனியின் பங்குகளை முதலில் லியோவின் பொறுப்பில் இருந்த அந்த ட்ரஸ்டுக்குக் கொடுத்தார், அதன்பின்தான் 2021-இல் ஈட்டன் 165 கோடி டாலருக்கு அதை வாங்கியது. விற்றுவிட்டுக் கொடுத்திருந்தால் லாபத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். சி4-க்குத் தரும் அன்பளிப்புக்கு 2015 சட்டப்படி கிஃப்ட் டாக்ஸும் கிடையாது. எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ட்ரஸ்டின் கணக்காண்டு 2021 ஏப்ரலோடு முடிந்தது, ஊருக்குத் தெரிந்தது 2022 ஆகஸ்டில். ஆண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதி கெடு, ஃபார்ம் 8868 போட்டால் இன்னும் ஆறு மாதம். அதனால் 990-இல் நீ பார்ப்பது எப்போதும் பழைய பணம். அந்த முதல் ஃபார்மிலேயே ரூல் ஆஃப் லா ட்ரஸ்டுக்கு 15.3 கோடி, டோனர்ஸ் ட்ரஸ்டுக்கு 4.1 கோடி, கான்கார்டுக்கு 1.65 கோடி போயிருந்தது. டோனர்ஸ் ட்ரஸ்ட் பலருடைய பணத்தை வாங்கி மற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் இடம், அதற்குள் போன டாலர் வெளியே வரும்போது யாருடையது என்று கேட்க வழியில்லை. இடதுபக்கமும் இதே வேலைதான், சிக்ஸ்டீன் தர்ட்டி ஃபண்டும் சி4தான். நான் கட்சி பேசவில்லை, கண்ணா.

லியோவின் பொறுமையை நான் மதிக்கிறேன். 1982-இல் மாணவர்கள் தொடங்கிய வலதுசாரி வக்கீல்கள் சங்கமான ஃபெடரலிஸ்ட் சொசைட்டியில் 1991-இல் வேலைக்குச் சேர்ந்தார். சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்கப்பட்ட போர்க் 1987-இல் செனட்டில் 58-42 என்று தோற்றதையும், தங்கள் ஆள் என்று நம்பிய சூட்டர் நியமனத்தில் தாங்கள் ஏமாந்ததையும் அந்தப் பக்கத்தார் மறக்கவே இல்லை. கல்லூரிக் கிளையில் ஒரு பையனைப் பார்த்து, நீதிபதியிடம் கிளார்க் வேலைக்கு அனுப்பி, இருபது வருஷம் அவன் எழுதுவதைக் கவனித்து, பிறகு பட்டியலில் சேர்ப்பது. தேர்தலில் நின்ற டிரம்ப் வெளியிட்ட நீதிபதிப் பட்டியலில் 2016 மே மாதம் 11 பெயர், செப்டம்பரில் இன்னும் 10. நாலு வருஷத்தில் மூன்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள். அதே டிரம்ப் 2025 மே மாதம், இறக்குமதி வரி வழக்கில் தோற்றதும், லியோவைப் பொதுவில் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவருக்கே அப்படி என்றால் உனக்கு யார் இருக்கிறார்கள் அங்கே?

அதனால்தான் சொல்கிறேன். செகரட்டரி, ட்ரெஷரர் என்று ஏதாவது பதவியில் உன் பெயரைப் போடுகிறோம் என்றால் உடனே சரி சொல்லாதே. சின்னப் பையன்களைத்தான் போடுவார்கள், பெயருக்குத்தானே என்பார்கள். சம்பளமே இல்லாவிட்டாலும் ஏ பிரிவில் உன் பெயர் வரும். ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுப் போடுகிறாய். ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரி கட்டப்படவில்லை என்றால் பொறுப்பில் இருப்பவரின் சொந்தப் பணத்துக்கு ஐஆர்எஸ் வரும். பதவி வேண்டாம். பாகம் 7-ஐப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதே.

உன் பெயர் அச்சான முதல் கோர்ட் ப்ரீஃப் பூஜையறையில்தான் இருக்கிறது. அப்பாவும் அதை எடுத்துப் படித்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்று சாப்பிடும்போது அவர் பேசியது அதிகம்தான். உனக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்திருக்காது, பெரியப்பாவை இழுத்திருக்க வேண்டாம்.

நான் ஒன்று சொல்லவேண்டும். சட்டக்கல்லூரியில் இரண்டாம் வருஷம் கருத்தரங்குக்கு டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே என்றாய். நல்லதுப்பா, செலவு மிச்சம் என்றேன். யார் அந்த அவர்கள் என்று கேட்கவில்லை. இருபத்தாறு வருஷமாக எனக்குச் சம்பளம் வருவதே அந்த ஒரு கேள்விக்குத்தான். கோடை வேலைக்கும் கேட்கவில்லை, அந்த ஃபெல்லோஷிப்புக்கும் கேட்கவில்லை. உன் லோன் குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். உன்னிடம் மட்டும் கேட்காமல் இருந்துவிட்டு, இப்போது பெட்டி சி-யைப் பார்த்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். அப்பா சத்தம் போட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கோபத்தில் பாதி என்மேல் வந்திருக்க வேண்டியது.

அந்த நம்பரில் மூன்று வருஷத்து 990-ஐ இறக்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. நீயும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார், சேர்ந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா பத்து மணிக்குக் கோவிலுக்குப் போனால் ஒன்றரைக்குத்தான் வருவார்.

அம்மா