ஒரே அளவில் விமான வரலாறு: கூட்டுக் காட்சிப் பேழைக்கான நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம்.

பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் செய்வதில் ஈடுபாடு கொண்ட நம் குழு, இவ்வாண்டு அனைவரும் சேர்ந்து முடிக்க வேண்டிய ஒரு பெரிய பணியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரைட் சகோதரர்களின் முதல் விமானத்திலிருந்து ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747 வரை, விமான வரலாற்றில் திருப்பங்களை உண்டாக்கிய விமானங்களை ஒரே அளவு விகிதத்தில், அதாவது அசலில் 72இல் ஒரு பங்காகச் செய்து, ஒரே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கவிருக்கிறோம். இதற்குப் பணமாகவும் பொருளாகவும் கைவேலையாகவும் உங்கள் உதவியைக் கேட்டு இவ்வேண்டுகோளை எழுதுகிறோம்.

ஒரே அளவு என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று உறுப்பினர்கள் சிலரே கேட்டார்கள். நம் வீட்டு அலமாரிகளில் 1/48 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயரும் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம்) 1/144 அளவில் ஒரு ஜம்போவும் அருகருகே நிற்பது வழக்கம்தான். முன்னதன் இறக்கை வீச்சு (ஓர் இறக்கை முனையிலிருந்து மறு முனை வரையுள்ள அகலம்) 23 செ.மீ., பின்னதனுடையது 41 செ.மீ.; பார்ப்பவர் கண்ணுக்கு ஜம்போ இரு மடங்குகூட இல்லை. உண்மையில் ஸ்பிட்ஃபயரின் வீச்சு 11.2 மீட்டர், முதல் ஜம்போவின் வீச்சு 59.6 மீட்டர், ஐந்து மடங்குக்கும் மேல். ஒவ்வொரு மாதிரியும் தனித்தனியே துல்லியமாக இருந்தும், சேர்த்து வைக்கும்போது அவை பொய் சொல்லிவிடுகின்றன. "இது நிஜத்தில் எவ்வளவு பெரியது?" என்பதுதான் நம் கண்காட்சிகளுக்கு வரும் சிறுவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கு வாயால் விடை சொல்லிக்கொண்டிருப்பதை விடக் கண்ணால் காணச் செய்வதே முறை என்று குழு கருதுகிறது.

பேழையின் நீளத்தைக்கூட நாங்கள் மனம்போன போக்கில் முடிவு செய்யவில்லை. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தார்கள். ஆர்வில் ரைட் ஓட்டிய முதல் முறை 12 விநாடிகளில் 120 அடியோடு முடிந்தது. வில்பர் ரைட் ஓட்டிய நான்காவது முறை 59 விநாடிகள் நீடித்து 852 அடியைத் தொட்டது. சற்று நேரத்தில் பலத்த காற்று அந்த விமானத்தைப் புரட்டிச் சிதைத்துவிட்டது. அது மீண்டும் பறக்கவே இல்லை. அந்த 852 அடியை 72ஆல் வகுத்தால் 11 அடி 10 அங்குலம், அதாவது 3.61 மீட்டர் வருகிறது. பேழையின் உள்நீளம் அதுவே. அதன் தரையில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடும். தொடக்கத்தில் 17 செ.மீ. வீச்சுள்ள ரைட் விமானம் நிற்கும். கோட்டின் 51ஆவது செ.மீட்டரில், முதல் முறை தரை தொட்ட இடத்தைக் குறிக்க, ஒரு சிறு பித்தளை ஆணி அறையப்படும். அதே கோட்டின் மறுகோடியில் நிற்கும் ஜம்போவின் இறக்கை வீச்சு 83 செ.மீ. ரைட் சகோதரர்களின் அந்த முதல் பறத்தல் முழுவதும் அந்த இறக்கைகளின் வீச்சுக்குள் அடங்கி, இன்னும் இடம் மிஞ்சும் என்பதை அந்த ஆணியே காட்டிவிடும்.

இடையில் வரவிருப்பவை: 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிரெஞ்சு விமானி பிளெரியோவின் விமானம், 1927இல் அமெரிக்க விமானி லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ், பயணிகள் விமானமான டிசி-3, ஸ்பிட்ஃபயர், ஒலியை விட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட் ஆகியன. டிசி-3 முதன்முதலில் பறந்ததும் டிசம்பர் 17 அன்றுதான், 1935இல். ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக 32 ஆண்டுகள் கழித்து. பேழையை முடித்துத் திறந்துவைக்கும் நாளாக நாங்கள் டிசம்பர் 17ஐக் குறித்திருப்பதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம்.

1/72 என்ற அளவைத் தேர்ந்ததற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அசலின் ஆறு அடி இங்கே ஓர் அங்குலம்; சராசரி மனிதர் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே இருப்பார். 1936இல் பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் பென்குயின் என்ற பெயரில் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கிட்டுகளும் (ஒட்டிச் செய்ய வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டிகள்) இதே அளவில்தான் வந்தன. இரண்டாம் உலகப் போரில் விமானங்களை அடையாளம் காணப் பயிற்சி அளித்த மாதிரிகளும் இந்த அளவிலேயே செய்யப்பட்டன. சிறிய விமானங்களுக்கு இந்த அளவில் கிட்டுகளுக்குக் குறைவில்லை.

ஜம்போவுக்குத்தான் சிக்கல். அதன் கிட்டுகள் பெரும்பாலும் 1/144, 1/200 அளவுகளிலேயே வருகின்றன. ஆகவே 98 செ.மீ. நீளமுள்ள அந்த விமானத்தை நாமே அடியிலிருந்து கட்டப்போகிறோம். பிளாஸ்டிக் தகட்டில் குறுக்குச் சட்டங்களை வெட்டி நிறுத்தி, மேலே மெல்லிய தகட்டைப் போர்த்தி, இணைப்புகளில் புட்டி நிரப்பித் தேய்க்க வேண்டும். இறக்கைகள் தம் எடையாலேயே நாளடைவில் தொய்ந்துவிடாமலிருக்க, உள்ளே அலுமினியக் குழாய் ஒன்று உடலைக் கடந்து இருபுறமும் செல்லும். ஒரு மூத்த உறுப்பினர் செய்து முடித்திருக்கும் முதல் சட்டத்தைச் சென்ற கூட்டத்தில் கைமாற்றிப் பார்த்தோம்: 9 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை வளையம், விளிம்பில் பென்சிலால் எண்ணிட்டு, நான்கு புறமும் நீளவாட்டுக் கம்பிகளுக்கான பள்ளம் வெட்டியது. வண்ணத்துக்கு முன் அடிக்கும் பிரைமர் பூசும் வரை கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை அவர் விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துத் தேய்த்திருந்தார்.

நான்கு எஞ்சின்களும் அச்சாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒருவர் ஒன்றைச் செய்வார்; அதிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, இறுகிக் கெட்டியாகும் திரவமான ரெசினை ஊற்றி நான்கு பிரதிகள் வார்ப்போம். பதினெட்டுச் சக்கரங்களுக்கும் அதே வழிதான். ரெசினில் காற்றுக் குமிழ்கள் தங்காமலிருக்க காற்றழுத்தத்தில் வார்க்க உதவும் அழுத்தக் கலம் வேண்டும். நம்மிடம் அது இல்லை. இரண்டு முறை அது இல்லாமலே வார்த்துப் பார்த்தோம். இரண்டு முறையும் எஞ்சினின் விசிறி இலைகளின் முனைகளில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள் விழுந்து, வார்ப்புகளை எறிய வேண்டியதாயிற்று.

பேழை எதற்கு, மேசை போதாதா என்ற கேள்விக்கும் எங்கள் அனுபவமே விடை. சென்ற கண்காட்சியில் திறந்த மேசைகளில் வைத்திருந்தபோது, யாரோ ஒருவர் ஆவலோடு குனிந்த கணத்தில் சட்டைக் கை பட்டு, இரட்டை இறக்கை விமானம் ஒன்றின் கம்பிகள் அறுந்தன. கிட்டின் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் குச்சியான ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, இளகும் கணத்தில் தலைமுடி அளவுக்கு இழுத்து, ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டிய கம்பிகள் அவை. குனிந்தவர்மீது குற்றமில்லை, நெருங்கிப் பார்க்கத்தானே அழைத்தோம். தூசி இன்னும் கொடியது. பளபளப்பற்ற வார்னிஷ்மீது படிந்த தூசியைத் துடைக்கப் போனால், வானொலிக் கம்பியோ காற்றுவேகக் குழாயோ தூரிகையோடு வந்துவிடுகிறது. ஆகவே நன்றாக மூடிய கண்ணாடி, வண்ணத்தை வெளிறச் செய்யாத எல்இடி விளக்கு, மூன்று பகுதிகளாகக் கழற்றி எடுத்துச் செல்லத்தக்க சட்டகம் ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம்.

நன்கொடைப் பணத்தில் பெரும் பகுதி இந்தப் பேழைக்கே செல்லும். அடுத்தது அழுத்தக் கலமும் சிலிக்கோன், ரெசின் ஆகியவையும். மூன்றாவதாக, பொது வேலை அறைக்கு வெளியேற்று விசிறியுள்ள ஒரு பெயிண்ட் கூண்டும் தகுந்த முகக்கவசங்களும் வேண்டும். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் வண்ணப் புகையும், ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் நுண்தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. இந்தப் பணியில் இளையவர்கள் பலரும் சேர்ந்திருப்பதால், கூண்டு வந்து பொருத்தப்படும் வரை அறைக்குள் ஏர்பிரஷ் இயக்குவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். பணி தாமதமாவது குறித்து எங்களுக்கும் கவலை உண்டு. ஆயினும் இதில் மாற்றம் இல்லை.

பணம் தர இயலாதவர்கள் தயங்க வேண்டாம். என்றாவது செய்யலாம் என்று வாங்கி அடுக்கி வைத்திருக்கும் கிட்டுகளில் மேற்சொன்ன விமானங்கள் 1/72 அளவில் இருந்தால் அவற்றைத் தரலாம். பெட்டி திறந்திருந்தாலும், ஓரிரு பாகங்கள் குறைந்திருந்தாலும் பெற்றுக்கொள்வோம். நீரில் நனைத்து ஒட்டும் சின்னத் தாள்களான டீக்கால்கள் பழுப்பேறியிருந்தால் சன்னல் கண்ணாடியில் சில நாள் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். நீரில் இட்டதும் நொறுங்கக்கூடிய பழைய தாளாக இருந்தால், முன்னரே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காப்பாற்றிவிடலாம். எனவே, பழையதென்று கருதி அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் தகடு, நுண்ணிய உப்புத்தாள், மாஸ்கிங் டேப், மூடி திறக்காத வண்ணங்கள் ஆகியவையும் உதவும். சக்கரங்களைத் தேய்த்துச் சீர்செய்யப் பொறுமையுள்ள கைகளும் எங்களுக்குப் பற்றாக்குறையாகவே உள்ளன.

நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் நேரில் வழங்கி உடனே ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவும் செலவும் ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் படிக்கப்பட்டு, வேலை அறைச் சுவரில் ஒட்டப்படும். கிட் வழங்கியவர், தம் கிட்டை இன்னாரிடம் கொடுத்துச் செய்விக்க வேண்டும் என்று விரும்பினால் அதையும் குறித்துத் தரலாம். கண்ணாடிக்கு முன்பணம் செலுத்தினால்தான் சட்டக வேலை தொடங்கும் என்பதால், பணமாக வழங்க எண்ணுவோர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்பாக வழங்கினால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
காட்சிப் பேழைக் குழுவினர்