துணைக்கு ஆள்

தக்கலை,
ஞாயிறு இரவு.

அன்பு மக்களே,

ஜெர்மனியிலிருந்து செக் நாட்டுப் பிராக் நகருக்குப் போய், தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தசையைத் தைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று போனில் நீ சொன்னதற்கு "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேச்சை நீட்டியிருந்தால் நான் திட்டியிருப்பேன், நீயும் "வேலை இருக்கிறதம்மா" என்று வைத்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது.

முதலில் என் குற்றம். போன வருஷம் உன் அத்தை மகன் கல்யாணத்தில் உனக்குக் கொசுவம் பிடித்துச் செருகிவிடும்போது, "வயிறு இன்னும் வற்றவில்லையே மக்களே" என்று சொன்னவள் நான்தான். பக்கத்தில் நின்ற மதினி சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டாய். அதன் பிறகு கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் நீ ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு நிற்கிறாய். நேற்றுதான் ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன்.

பெரியவள் பிறந்தபோது நான் அங்கே வந்திருந்தேன். சின்னவன் பிறந்த 2021-இல் கொரோனா யாரையும் நகர விடவில்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றி, வயிற்றில் துணி கட்டிவிட ஆள் இல்லாமல் போனதால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்று உன் பாட்டி இன்றும் சொல்கிறார். துணி கட்டுவதால் விலகிய தசை ஒட்டாது என்பது 31 வருஷம் அறுவை வார்டில் நின்ற எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அதனால் ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. இரண்டு சிசேரியனுக்குப் பிறகு நடுவயிற்றுத் தசை இரண்டு பக்கமும் விலகி, தோல் தொங்கினால், அந்தத் தோலை எந்த உடற்பயிற்சியும் சுருக்காது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கினால் நடுவில் வரப்புபோல் ஒன்று எழும்புகிறது என்றாயே, அது தசை விலகல்தான். தசைக்கு மட்டும் பயிற்சி ஓரளவு கேட்கும். அங்கே பேறுகாலத்துக்குப் பின் கொடுக்கும் பயிற்சி வகுப்புக்கு, கைக்குழந்தையோடு நீ முழுசாய்ப் போயிருக்க மாட்டாய் என்பது என் ஊகம். மூன்றாவது பிள்ளை எண்ணம் துளி இருந்தாலும் இந்த ஆபரேஷனைத் தள்ளிப் போடு. தைத்த தையல் அத்தனையும் வீணாகிவிடலாம்.

பிராக் என்றதற்கும் நான் முகம் சுளிக்கவில்லை. நீ இருக்கிற டிரெஸ்டனிலிருந்து அது நாகர்கோவிலிலிருந்து கொல்லம் போகிற தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வைத்தியத்துக்காகக் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டாத குடும்பம் நம் ஜில்லாவில் எத்தனை இருக்கும்? 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பெரிய நோய் என்றால் நம் ஆட்களின் கால் திருவனந்தபுரம் பக்கம்தான் திரும்புகிறது. செக் நாட்டு டாக்டர்கள் மட்டமானவர்களும் அல்ல. தேடிப் படித்தேன். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் சீர்செய்த ஃபிரான்டிசெக் புரியன் என்பவர் வளர்த்த பிளாஸ்டிக் சர்ஜரித் துறை அது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது நீ சொன்ன நாள் கணக்கு. திங்கட்கிழமை ஆபரேஷன், வியாழக்கிழமை ரயில், அடுத்த வாரம் டியூட்டி. ஹோட்டல், கார், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்கிறார்களாம், கல்யாண மண்டபக்காரர் பந்திக்கு இவ்வளவு என்று சொல்கிற மாதிரி. அந்தத் தொகையில் எட்டாம் நாள் யார் உன்னைப் பார்ப்பார் என்று இருக்கிறதா?

நீயும் நர்ஸ்தான். உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீ இருப்பது குழந்தைகள் வார்டில், நான் நின்றது வெட்டிய வயிறுகளுக்கு நடுவில். இடுப்பின் இந்த எலும்பிலிருந்து அந்த எலும்புவரை கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்புவரை பிரித்துத் தூக்கி, தசையைச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி, தொப்புளுக்குப் புது வாசல் வைக்கிற வேலை இது. சிசேரியனைவிடப் பெரிய காயம். முதல் வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது, வில்லாய் வளைந்துதான் நடப்பாய். சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. சின்னவன் இப்போது 16 கிலோ என்றாய். அவன் "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டினால் என்ன செய்வாய்?

ஒருமுறை எங்கள் வார்டுக்கு ஒரு பெண் வந்தாள். வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் செய்து ஒன்பதாம் நாள். தையல் பார்க்க அழகாக இருந்தது. விலாப் பக்கம் ஒரு கையை வைத்து மறுபக்கம் விரலால் தட்டினேன், தோலுக்கு அடியில் அலை ஓடி வந்து என் உள்ளங்கையில் மோதியது. ஊசி போட்டு இழுத்தபோது வைக்கோல் நிறத்தில் நீர் வந்துகொண்டே இருந்தது. இந்த வகை ஆபரேஷனில் நீர் கோப்பது அடிக்கடி நடப்பது, பெரிய ஆபத்தும் இல்லை. ஆனால் உள்ளே என்ன செய்தார்கள், வடிகுழாய் எப்போது எடுத்தார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அவளிடம் பணம் கட்டிய ரசீது ஒன்றுதான் இருந்தது. இரண்டாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். ஆபரேஷன் குறிப்பைக் கையில் வாங்காமல் அந்த ஊரைவிட்டு நீ கிளம்பாதே. ஜெர்மன் மொழியில் கேட்டு வாங்கு.

காலில் ரத்தம் உறைவதுதான் நான் உண்மையில் பயப்படுவது. உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறினால் மூச்சுவிட நேரம் கொடுக்காது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா? சாப்பிட்டால் அந்த டாக்டரிடம் மறைக்காமல் சொல். குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் அந்த ஊரிலேயே இரு. மூன்றாம் நாள் இரண்டரை மணி நேரம் ரயிலில் மடங்கி உட்கார்ந்து வருகிற வேலை வேண்டாம்.

பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. பாதிக்கும் குறைவான செலவு என்கிறாய். தொப்புளில் வளையம் குத்திச் சீழ் வைத்த ஒரு பெண்ணிடம் இன்ஷூரன்ஸ்காரர்கள் சிகிச்சைச் செலவில் பங்கு கேட்டார்கள் என்று நீதானே முன்பு சொன்னாய்? அப்படிக் கேட்க வழி செய்கிற உங்கள் ஊர்ச் சட்டத்தில் அதே வரியில் அழகு ஆபரேஷனும் இருக்கிறது. பிராக்கில் செய்தது டிரெஸ்டனில் கெட்டால், உன் இன்ஷூரன்ஸ் செலவில் ஒரு பங்கை உன் தலையில் கட்டும், நோய்க்கால உதவித்தொகையையும் நிறுத்தலாம். ஆபரேஷனுக்கு எடுக்கிற லீவும் உன் சொந்த லீவுதான்.

எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் நெய்யூர் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த காலத்தில், உன் பூட்டனார் வயிற்று ஆபரேஷனுக்கு மாட்டு வண்டியில் போனாராம். நோயாளி ஒருவர், கூட மூன்று பேர், ஒரு சாக்கு அரிசி, சட்டி பானை. சிரிக்காதே. அந்தச் சட்டி பானை இல்லாமல் நம் ஊரில் யாரும் ஆபரேஷன் மேஜையில் ஏறியதில்லை. நீ மட்டும் ஒரு தோள்பையோடு போகிறேன் என்கிறாய், மருமகன் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பாராம். ராத்திரி இரண்டு மணிக்கு வலித்தால், அங்குள்ள நர்ஸிடம் எந்த மொழியில் சொல்வாய்?

ஆகவே நான் வருகிறேன். விசாவுக்கு 90 யூரோ, சென்னைக்கு ஒரு ரயில் டிக்கெட். எனக்கு 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் விசாவே தருவார்களாம். அங்கே எனக்குக் காய்ச்சல் வந்தால் அவ்வளவு பெரிய காவல், நீ தேடிப் போகிற காயத்துக்கு ஒன்றும் இல்லை. வேடிக்கையான உலகம். தேதியை மட்டும் இரண்டு மாதம் தள்ளி வை. பிராக்கில் பத்து நாள் உன்னோடு இருப்பேன், பிறகு வீட்டில் ஆறு வாரம் சின்னவனை நான் தூக்குகிறேன். அதற்குள் உனக்கே வேண்டாம் என்று தோன்றினாலும் வருகிறேன், வேண்டும் என்றாலும் வருகிறேன். உன் வயிற்றைப் பற்றி இனி ஒரு சொல் என் வாயிலிருந்து வராது.

அப்பாவிடம் நீ சொன்னபடி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றுவிட்டார். எங்கே என்று கேட்டார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, கருப்பட்டி எத்தனை கிலோ கொண்டுபோக விடுவார்கள் என்று கேட்கிறார். விசாரித்துச் சொல்.

அம்மா