பங்குனி ஆமைப் பருவ ஏற்பாடுகளை மார்கழி பிறக்கும் முன் முடித்துத் தரக் கோரும் மனு

நாள்: 17.11.2025

அனுப்புநர்:
ஆமை முட்டைப் பொரிப்பகங்களின் பருவகாலக் களப்பணியாளர்கள், கரையோர மீனவர்கள்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

பொருள்: கடலாமைப் பருவக் களப்பணிக்கு டிசம்பர் 15 முதல் ஜூன் 15 வரை இடைவெளியில்லாமல் ஆள், நிதி, பொருள் வழங்கவும், விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியை அந்தப் பருவத்தில் கடலிலேயே அமல்படுத்தவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நாகூரிலிருந்து வேளாங்கண்ணி, செருதூர், விழுந்தமாவடி, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை வழியாகக் கோடியக்கரை வரை உள்ள நம் கரையில், வாடை தணியும் தை மாதத்தில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட ஏறத் தொடங்கும். மாசியிலும் பங்குனியிலும் ஏற்றம் அதிகம். சித்திரையில் ஓயும். ஒரு குழியில் சுமார் 100 முதல் 120 முட்டை இருக்கும். அவை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். ஏப்ரல் நடுவில் இட்ட முட்டையிலிருந்து குஞ்சு மேலே வரும்போது ஜூன் பிறந்திருக்கும். இது ஆறு மாத வேலை என்பதைத்தான் முதலில் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

அரசின் நாட்காட்டி இந்த ஆறு மாதத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது. ஒப்புதலும் ஆள் நியமனமும் பிப்ரவரியில் வந்தால், தை மாதத்துக் குழிகள் அதற்குள் நாய்க்கும் நரிக்கும் போய்விடும். அடுத்த வெட்டு மார்ச் 31. நிதியாண்டு முடிந்து புது ஒதுக்கீடு வரும்வரை தினக்கூலி நின்றால், மணலுக்குள் முட்டை மிக அதிகமாக இருக்கும் ஏப்ரல் மாதத்தில் பொரிப்பகத்தில் இரவுக் காவல் இருக்காது. மாசி முட்டைகள் பொரியும் மாதமும் அதுதான். வேலி கட்டுவதையோ துணி வலை வாங்குவதையோ ஒரு வாரம் தள்ளிப்போடலாம். பொரித்து மேலே வந்த குஞ்சு ஒரு இரவுகூடக் காத்திருக்காது.

எனவே எங்கள் முதல் கோரிக்கை, டிசம்பர் 15 முதல் ஜூன் 15 வரைக்குமான கூலியையும் பொருள் செலவையும் ஒரே ஆணையில், இரு நிதியாண்டுக்கும் சேர்த்து, இப்போதே வழங்க வேண்டும் என்பது. அடுத்த ஆண்டுக்கான பங்கை முன்பணமாகத் தர இயலாவிட்டால், ஏப்ரல், மே கூலிக்கு மட்டுமாவது மாவட்ட அளவில் மாற்று ஏற்பாடு செய்து தரக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஆமை பெரும்பாலும் இரவு 10 மணிக்கு மேல் விடிவதற்குள் ஏறும். ஏறி, குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஈர மணலில் ஒருவர் 6 அல்லது 7 கிலோமீட்டர் நடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், குழி கிடைத்தால் இன்னும் கூடும். ஆகவே 6 கிலோமீட்டருக்கு இருவர் என்பதே குறைந்தபட்ச அளவு. ஒருவரைத் தனியாக அனுப்பக் கூடாது. ஒருவர் முட்டையோடு பொரிப்பகம் திரும்பினால் மற்றவர் மீதிக் கரையை நடந்து முடிக்க வேண்டியிருக்கிறது. காற்று வலுத்த இரவில் தடம் விரைவில் அழிந்துவிடும் என்பதால், விடியற்காலையில் ஒரு நடை மட்டும் போதும் என்று வைத்தால் பாதிக் குழிகள் கண்ணுக்குத் தப்பும்.

முட்டையை எடுத்துவரும் வேலையில்தான் அறியாமையால் அதிகச் சேதம் நேர்கிறது. இட்ட சில மணி நேரத்துக்குள் கரு மேல் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ கரு பிய்ந்து செத்துவிடும். வெளியே பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும், 60 நாள் கழித்துத் தோண்டும்போதுதான் தெரியவரும். அதனால் இட்டு 6 மணி நேரத்துக்குள் புதிய குழியில் வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது மேல்பக்கம் மேலாகவே இருக்க வேண்டும். கழுவக் கூடாது. அந்தக் குழியின் ஈர மணலையே வாளியில் பரப்பி, அதன்மேல் அடுக்கி, கையில் தூக்கி வர வேண்டும். மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டியில் கட்டிக் கொண்டுவருவது முட்டையைக் கெடுத்துவிடும். இதனால்தான் ஒரே பெரிய பொரிப்பகம் வேண்டாம் என்கிறோம். நடந்தே சேரும் தொலைவில் சிறிய பொரிப்பகங்கள் பல வேண்டும். அவற்றுக்கான இடங்களை வனத்துறையும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் சேர்ந்து டிசம்பர் முதல் வாரத்தில் பார்த்து முடிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம்.

இடம் தேர்வில் ஒரு சோதனை கட்டாயம். பௌர்ணமி அல்லது அமாவாசை ஒட்டிய கடல்நீர் ஏற்றத்தின்போது அந்த இடத்தில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும். 60 செ.மீ. ஆழத்துக்குள் நீர் கசிந்தால் அந்த இடம் ஆகாது. முட்டைக்குழியின் ஆழம் சுமார் 45 செ.மீ., அடி நனைந்தால் முட்டை மூச்சடைத்து அழுகும். சென்ற ஆண்டு பயன்பட்ட அதே மணலில் திரும்பக் குழி போடவும் கூடாது. பழைய ஓடும் அழுகிய முட்டையும் கிடந்த மணலில் பூஞ்சை, எறும்பு, புழு எல்லாம் தங்கியிருக்கும். இடத்தை மாற்ற வேண்டும், முடியாத ஊரில் மணலை முழு ஆழத்துக்கும் மாற்றிச் சலித்துப் போட வேண்டும்.

குழி சொம்பு வடிவில் இருக்க வேண்டும்: கழுத்து குறுகலாக, அடி அகலமாக. குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி. வேலிக் கம்பி வலையை மணலுக்குள் அரை மீட்டர் புதைத்தால்தான் நாய் தோண்டாது; கோடியக்கரைப் பக்கம் நரியும் காட்டுப்பன்றியும் வரும் என்பதால் அங்கே மரக்கம்பங்களை நெருக்கமாக நட வேண்டும். அடியில் சிறுகண் வலை வைத்தால் நண்டு நுழையாது. ஒவ்வொரு குழிக்கும் எண், முட்டையிட்ட இடம், இட்ட நேரம், புதைத்த நேரம், முட்டை எண்ணிக்கை எழுதிய அட்டை ஒன்று வேண்டும். குஞ்சு வெளிவந்த மூன்றாம் நாள் குழியைத் தோண்டி, வெற்று ஓடு, பொரியாத முட்டை, பாதியில் நின்ற குஞ்சு மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பதிய வேண்டும். அந்த எண்ணிக்கை இல்லாமல் 'இத்தனை ஆயிரம் குஞ்சு விட்டோம்' என்ற அறிக்கையை வைத்து எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

வெப்பம் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. குழி ஏறக்குறைய 29 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பெண் கூடும், அதற்குக் கீழ் ஆண் கூடும். 34, 35 டிகிரி தொடர்ந்து நின்றால் கருவே செத்துவிடும். பங்குனி வெயிலில் மூடாத மணல் அந்த அளவை எட்டும். எனவே பொரிப்பகத்தின் பாதிக்காவது மார்ச் முதல் தேதிக்குள் தென்னங்கீற்றோ 50 சதவீத நிழல் வலையோ போட வேண்டும். கீற்று உள்ளூரிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது பிப்ரவரியில் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் குழி ஆழத்தில் புதைத்துப் பார்க்கும் வெப்பமானி இரண்டு வழங்க வேண்டுகிறோம்.

பொரிப்பகம் இரண்டாம் வழிதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஆள் நடமாட்டமும் நாயும் குறைந்த நீண்ட மணல் பகுதியில் குழியை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கம்பி வலைக் கூடை கவிழ்த்து, தினம் ஒரு முறை பார்த்துவருவதே நல்லது. எந்தப் பகுதியில் எடுப்பது, எங்கே விடுவது என்ற முடிவை எங்களோடும் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தோடும் பேசி வரைபடமாக்கித் தர வேண்டும்.

குஞ்சு விடுவதில் ஒரு வேண்டுகோளை அழுத்தமாக வைக்கிறோம். குஞ்சு இரவில் மேலே வந்ததும் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் பலத்தில் ஒரு நாள் அளவுக்கு ஓயாமல் நீந்தும். அந்தப் பலம்தான் அதைக் கரையோரப் பெரிய மீன்களிடமிருந்து தாண்டிக் கொண்டுபோகிறது. விருந்தினரும் பள்ளிப் பிள்ளைகளும் வரும்வரை விடியும்வரை தொட்டியில் வைத்திருந்தால், அங்கேயே சுற்றி அந்தப் பலத்தைச் செலவழித்துவிடும். பகலில் விட்டால் காக்கையும் பருந்தும் காத்திருக்கும். ஆகவே மேலே வந்த அதே இரவில், நீர்விளிம்பிலிருந்து பத்து மீட்டர் மேலே மணலில் விட்டு, தானே நடந்து கடலுக்குப் போகவிட வேண்டும், ஒரே இடத்தில் தினமும் விடக் கூடாது என்று மாவட்டச் சுற்றறிக்கை ஒன்று வேண்டும். பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மாலை பொரித்த குஞ்சுகளை இருட்டியதும் காட்டலாம்.

விளக்கு தாய் ஆமையையும் ஏறவிடாது, குஞ்சையும் சாலைப் பக்கம் திருப்பிவிடும். குஞ்சு கடல்மேல் உள்ள வெளிச்சத்தைப் பார்த்துத்தான் திசை பிடிக்கிறது. கரையோர ஊராட்சி, பேரூராட்சி, கோயில், தேவாலய, விடுதி நிர்வாகங்களுக்கு ஜனவரி முதல் மே வரை இரவு 10 மணிக்கு மேல் கடலைப் பார்த்த உயர்கோபுர விளக்குகளை அணைக்கவும், அணைக்க இயலாத இடத்தில் தகடு வைத்துத் தரைநோக்கித் திருப்பி, வெள்ளை எல்.இ.டி.க்குப் பதில் மஞ்சள்செம்மை விளக்கு போடவும் அறிவுறுத்த வேண்டுகிறோம்.

அடுத்தது கடல். கரையில் நாங்கள் எவ்வளவு முட்டை காத்தாலும், முட்டையிட வரும் தாய் நூற்றுக்கணக்கில் கடலில் மூழ்கிச் செத்தால் பயனில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஒதுங்கிய ஆமைச் சடலங்களைத் தாங்களும் அறிவீர்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதைத் தானே எடுத்து விசாரித்தது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிரினம். இழுவைமடி (விசைப்படகு இழுத்துச் செல்லும் பை வலை) இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து இழுக்கப்படும்போது, உள்ளே சிக்கிப் போராடும் ஆமை அதற்கு முன்பே மூச்சு முட்டிப்போகும்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது மீன் இனப்பெருக்கத்துக்கு வைத்த தேதி. அது தொடங்கும்போது ஆமை முட்டையிடும் உச்சம் முடிந்துவிடுகிறது. எனவே ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை கடலில் ஆமைக்கு உள்ள முக்கியக் காப்பு 5 கடல் மைல் விதிதான். அதைத் துறைமுகத்தில் சோதித்துப் பயனில்லை. மீன்வளத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், வனத்துறை சேர்ந்து இரவு ரோந்து போகவும், விசைப்படகுகளின் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) தடத்தை வாரம் ஒரு முறை பார்த்து 5 கடல் மைலுக்குள் வந்த படகுகளின் பட்டியலைத் தங்கள் கூட்டத்தில் வைக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

விசைப்படகுக்காரர்களை எதிரியாக்க எங்களுக்கு எண்ணமில்லை. அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். துறைமுகத்தில் 'டெட்' என்று சொல்லும் ஆமை விடுவிப்புக் கருவியைக் கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைக்கேற்ப வடிவமைத்திருக்கிறது. 1000 மி.மீ.க்கு 800 மி.மீ. அளவுள்ள நீள்வட்ட எஃகு வளையம், கம்பிகளுக்கு நடுவே 142 மி.மீ. இடைவெளி. இறாலும் மீனும் இடைவெளியில் மடிக்குள் போகும், ஆமை சாய்ந்த கம்பியில் தட்டி மேல்புறத் திறப்பு வழியே வெளியேறும். படகுக்காரர்களின் பயம், அந்தத் திறப்பு வழியே பிடிபாடு போய்விடும் என்பது. வளையத்தின் சாய்வு தவறினாலோ, மிதவை குறைந்து சரிந்தாலோ, சொறிமுட்டை (ஜெல்லி மீன்) வந்து கம்பியை அடைத்தாலோ நிச்சயம் போகும். உடனே திறப்பைக் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். சாய்வு சுமார் 45 டிகிரியில் நிற்கும்படி வலை தைப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இழப்பு பெரிதும் குறையும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பகுதிகளில் வலை தைப்பவர்களுக்கும் தண்டல்களுக்கும் (படகை நடத்துபவர்களுக்கும்) டிசம்பரில் கடலில் வைத்தே செயல்முறைப் பயிற்சி நடத்த வேண்டுகிறோம். கருவி இல்லை என்பதைக் காரணம் காட்டியே நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்க மறுக்கிறது. அதனால் இது படகுக்காரர்களின் வருமானப் பிரச்சினையும்கூட.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று கடலில் தள்ளிவிடுகிறார்கள். மயங்கிய ஆமை நீரில் விழுந்தால் மூழ்கிச் சாகும். அதை வயிறு கீழாக வைத்து, பின்புறத்தை 15 செ.மீ.க்குக் குறையாமல் உயர்த்தி, நுரையீரல் நீர் வடிய விட்டு, ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் நான்கு மணி முதல் ஒரு நாள்வரை வைத்திருந்தால் பல நேரம் எழுந்துவிடும். இதைப் படம் போட்டு ஒவ்வொரு படகிலும் ஒட்டித் தர வேண்டுகிறோம். பைபர் படகுக்காரர் செவுள்வலையை அறுத்து ஆமையை விட்டால் நட்டம் அவருக்கு. மகாராஷ்டிரத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு ரூ.25,000 வரை அரசு தருகிறது. கைப்பேசிப் படத்தைச் சான்றாக ஏற்று, பதினைந்து நாளுக்குள் பணம் தரும் அதுபோன்ற ஏற்பாட்டை இம்மாவட்டத்தில் தொடங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

ஒதுங்கும் சடலத்துக்கும் ஒரு முறை வேண்டும். படம், இடம், ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா என்று பதிந்து, ஓட்டில் பெயிண்ட் குறி போட்டால்தான் இரண்டு முறை எண்ணப்படாது. புதிதாக ஒதுங்கியதைக் கால்நடை மருத்துவர் அன்றே பரிசோதிக்க வேண்டும். அழுகிவிட்டால் காரணம் சொல்ல முடியாது. பிறகு கடல்நீர் ஏற்றக் கோட்டுக்கு மேலே, பொரிப்பகத்திலிருந்து தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான மருத்துவரின் கைப்பேசி எண் எங்களிடம் இருக்க வேண்டும்.

களப்பணியாளருக்குச் சிவப்பு ஒளி டார்ச், மழைக்கோட்டு, பாம்பு மணலில் கிடக்கும் என்பதால் முழங்கால் உயர காலணி, விபத்துக் காப்பீடு, அடையாள அட்டை வழங்கவும், கூலியை வாரந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்தவும் வேண்டுகிறோம். அடையாள அட்டை இல்லாமல் இரவில் முட்டையோடு நிற்பவர் திருடன் என்று தடுத்து வைக்கப்படலாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினத்தின் முட்டை அது.

இவற்றைப் பேசி முடிவு செய்ய வனம், மீன்வளம், கால்நடை, உள்ளாட்சி, மின்வாரியம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், விசைப்படகு மற்றும் பைபர் படகு மீனவர் பிரதிநிதிகள், களப்பணியாளர்கள் ஆகியோரின் கூட்டத்தைத் தங்கள் தலைமையில் டிசம்பர் 5-ஆம் தேதிக்குள் கூட்டித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஊர்வாரியான கரை நீளம், தேவையான ஆட்கள், கம்பி வலை, கீற்று, வெப்பமானி அளவு அடங்கிய பட்டியலை அந்தக் கூட்டத்தில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
பருவகாலக் களப்பணியாளர்கள், கரையோர மீனவர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: வன உயிரினக் காப்பாளர், மீன்வளத்துறை உதவி இயக்குநர், நாகப்பட்டினம்.