ஃபுல் த்ராட்டில் என்றால் நெரிப்பதா, விடுவதா?

ஆசிரியருக்கு,

உங்கள் வணிகப் பக்கத்தில் 'ஃபுல் த்ராட்டிலில் வாகன விற்பனை' என்ற தலைப்பைப் பார்த்தேன். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவன், சும்மா இருக்க முடியவில்லை.

'த்ராட்டில்' என்றால் ஆங்கிலத்தில் முதலில் கழுத்தை நெரிப்பதுதான். தொண்டையைக் குறிக்கும் 'த்ரோட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பிறகு நீராவியை நெரித்துக் குறைக்கும் வால்வுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1788-ல் ஜேம்ஸ் வாட், நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்கும் தன் சுழல் குண்டு கவர்னர் கருவியை இந்த வால்வோடுதான் இணைத்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலும் அதே கதை. உள்ளே இருக்கும் வட்டத் தகடு மூடியிருந்தால் காற்று நெரிபடும், எஞ்சின் முனகும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் தகடு திறக்கும். ஆக, ஃபுல் த்ராட்டில் என்பது கழுத்திலிருந்து கையை முழுக்க எடுத்துவிடுவது! வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் நம்பமாட்டார்கள்.

அதே கார்புரேட்டரில் இருக்கும் 'சோக்' (மூச்சை அடைப்பது என்று பொருள்) யோக்கியமான சொல். அதை இழுத்தால் நிஜமாகவே காற்று குறையும். பெட்ரோல் தூக்கலாகி, குளிர்ந்த எஞ்சின் கிளம்பும். இன்று டேட்டா தீர்ந்ததும் போன் நிறுவனங்கள் வேகத்தைக் குறைப்பதற்கும் 'த்ராட்டிலிங்' என்றே பெயர். அங்கே மட்டும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

தலைப்புக்கு 'முழு வேகத்தில்' போதுமே, சார்?

– ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர், திண்டுக்கல்